ஆத்துக்குக் குறுக்கே நடந்த கல்யாணம்

ஒரு ஊர்ல ஒரு ஆறு. அந்தக் கரையில சிவன் கோயிலு, இந்தக் கரையில அம்மன் கோயிலு. வருசத்துல ஒரு நாளு, ஐப்பசி மாசம், சிவன் பரிசல் ஏறி இங்க வருவாரு, அம்மனைக் கட்டித் தன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போக. ம் கொட்டு கண்ணு. ஆங்.

பரிசல் ஓட்டுறவ பேரு பூவாத்தா. அவளுக்குக் குழந்தை குட்டி கிடையாது. அம்மனைத்தான் 'அம்மிணி, அம்மிணி'ன்னு பெத்த பொண்ணாட்டம் கூப்பிடுவா.

ஒரு வருசம் கல்யாணத்துக்கு மொத நாளு மழை, சோ...ன்னு பேஞ்சுது. விடிஞ்சு பாத்தா ஆறு கரை முட்டி ஹோ...ன்னு போகுது! அங்க மாப்பிள்ளை பட்டு உடுத்தி நிக்கறாரு. இங்க பொண்ணு மணையில உக்காந்திருக்கா.

அம்மன் கோயில் குருக்கள் சொன்னாரு, "இந்த வெள்ளத்துல சாமியை ஏத்த முடியாது. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

ஊரே பதறிருச்சு. அம்மனுக்குக் கல்யாணம் ஆகாம அந்த ஊர்ல எந்தப் பொண்ணுக்கும் தாலி ஏறாது.

அப்போ பூவாத்தா சொன்னா, "சாமி வர வேண்டாமுங்க. அம்மிணி மாலையை நான் கொண்டு போறேன். அவரு மாலையும் தாலியும் வாங்கியாறேன். அவரு அங்கயே நிக்கட்டும், இவ இங்கயே இருக்கட்டும். ஆகாதுங்களா?"

குருக்கள் கேட்டாரு, "நீ முழுகிப் போனா?"

"எம் பொண்ணு கல்யாணத்துக்காக உசுரு போனதா இருக்கட்டுமுங்க."

அப்புறம் போனா. சளக், புளக். நடு ஆத்துல ஒரு மரம் அடிச்சுட்டு வந்து, டமால்! பரிசல்ல பாதி தண்ணி. மாலைக் கூடையைத் தலையில வச்சுக்கிட்டு, தண்ணியை இறைச்சுக் கொட்டி, எப்படியோ கரை சேந்துட்டா. அங்க சாமி கழுத்துல மாலை ஏறுச்சு. பீப்பீ, டும்டும்!

அப்புறம் திரும்பினா. அவரு மாலை கூடையில, தாலி முந்தானை முடிச்சுல. அப்போ பாத்து சுழி பிடிச்சுது. கிர்ர்ர்...ன்னு பரிசல் பம்பரமாட்டம் சுத்துது. "அம்மிணி, உன் தாலி எங்கிட்ட இருக்குது, பாத்துக்கோ"ன்னு சொல்லிக்கிட்டே துடுப்பை ஊணி ஒரு உந்து உந்தினா. விட்டுருச்சு சுழி.

ம்? தூங்கிட்டியா? இல்லையா, சரி.

கரைக்கு இன்னும் பத்து முழம்தான். படக்! துடுப்பு முறிஞ்சுது. கையாலயே துழாவுறா, தண்ணி இழுக்குது. அப்போ அந்தக் குருக்கள் இருக்காரே, தாம்பாளத்துல இருந்த அம்மனோட கூறைப் புடவையை எடுத்து, சர்ர்ருன்னு வீசினாரு! பூவாத்தா பிடிச்சுக்கிட்டா. ஊரே சேந்து இழுத்துச்சு.

அந்த ஈரப் புடவையைத்தான் அம்மனுக்குச் சாத்தினாங்க. தாலி ஏறுச்சு. ரெண்டு கரையிலயும் கெட்டிமேளம், டுண்டுண்டுண்...

எட்டு நாள் கழிச்சு வெள்ளம் வடிஞ்சுது. சாமி வந்தாரு. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க. சுழியில அழாத பூவாத்தா அப்போ தேம்பித் தேம்பி அழுதா.

"ஏன் புள்ள, எல்லாம் நல்லாத்தானே நடந்துச்சு?"ன்னாரு குருக்கள்.

"இன்னைக்கு அவளை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பணுமில்லீங்க"ன்னா.

அப்புறம் கண்ணைத் தொடச்சுக்கிட்டு, ரெண்டு பேரையும் பரிசல்ல ஏத்தி, ஆடாம அசையாம அவளே கொண்டு போய் விட்டா.

அவ்வளவுதான் கண்ணு. ஆறும் அடங்கிருச்சு, கதையும் கரை ஏறிருச்சு. கண்ணை மூடு.