இன்ஸ்பெக்டரோட இடது தோள்

ஆயுதப்படைக்குப் புதுசா வந்த கார்பைன் துப்பாக்கி தூக்க லேசுதான். ஆனா சுட்டா தோள்ல உதைக்கிற உதை இருக்கே, கழுதை தோத்துது! கான்ஸ்டபிள் செல்லக்கிளி அதோட தோள்ல முட்டுற அடிக்கட்டையில ரப்பர் செருப்பை வெட்டி ஒட்டிக்கிட்டா.

பாத்துட்டார் இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி. "சர்க்கார் துப்பாக்கிக்குச் செருப்பா? பிடுங்கு! முகம் சுளிக்காம சுடு, இல்லேன்னா படையை விட்டு ஓடு!"

"பிடுங்கிட்டேங்கய்யா. நீங்க ஒருவாட்டி சுட்டுக் காட்டுங்க."

வலது தோள்ல வெச்சு, சிரிச்சுக்கிட்டே சுட்டார். எல்லாரும் கைதட்டினாங்க.

"நான் இடதுகைக்காரிங்கய்யா. இடது தோள்ல வெச்சும் காட்டுங்களேன்."

மனுஷர் முழிச்சார். படையே பாக்குதே, சுட்டார். "ஐயோ அம்மா!"ன்னு துள்ளினதுல வலப்பக்கச் சட்டைக்குள்ளேர்ந்து ஒரு ஸ்பாஞ்சு பொத்துன்னு விழுந்துது.

செல்லக்கிளி எடுத்து நீட்டினா. "செருப்பை நான் பிடுங்கிட்டேன். இதை யாருங்கய்யா பிடுங்கறது?"

இன்ஸ்பெக்டர் தோளைத் தேய்ச்சுக்கிட்டே குசுகுசுத்தார்: "செருப்பு ஜோடியாத்தானேம்மா இருக்கும்? இன்னொண்ணை எனக்கு ஒட்டிக் குடு."