வெயிலாச்சி குளிரவைத்த காசு

அந்தக் காலத்தில் நண்டும் கழுதையும் வாய்விட்டுப் பேசின, காசு சுட்டது. வேலை தொடங்கும் அன்றே கூலிக் காசை இடுப்பில் முடிந்துகொள்வார்கள். உழைக்க உழைக்க அது சூடேறும். சந்தையில் காசை உள்ளங்கையில் வைத்துச் சூடு பார்த்துத்தான் சரக்கு கொடுப்பார்கள். மர நிழலில் தூங்கி எழுந்தவனின் காசுக்கு ஒரு வெங்காயம்கூடத் தேறாது.

வெயிலாச்சி கோடையில் உப்பளத்தில் உப்பு வாருவாள். மற்ற மாதங்களில் உப்பு மூட்டையைத் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்பாள். சுமந்து சுமந்து கழுத்து போய்விட்டது. இன்னொரு வருடம் சுமந்தால் தலை நிமிராது என்று அவளுக்கே தெரியும். எப்படியாவது ஒரு கழுதை வாங்கிவிட வேண்டும். அதற்காகவே அந்தக் கோடை முழுவதும் ஒரே காசை இடுப்பில் முடிந்துகொண்டு உப்புப் பாத்தியில் நின்றாள்.

கடைசி நாளன்று காசு அடுப்புக் கங்காகக் கொதித்தது. இடுப்புத் தோல் கொப்புளித்துவிட்டது. பாவம், எவ்வளவுதான் பொறுப்பாள்! எது சுட்டாலும் உப்பளத்துக்காரர்கள் செய்வதையே அவளும் செய்தாள். காசை அவிழ்த்துப் பாத்தித் தண்ணீரில் முக்கினாள்.

வரப்பில் நின்ற நண்டு பதறியது. "ஏளா, எடு, எடு! உப்புத்தண்ணி பட்டா சூடு உள்ள போயி ஒளிஞ்சுக்கிடும்!"

எடுத்துப் பார்த்தாள். உப்புநீரில் ஊறிக் காய்த்துப்போன கைக்குச் சூடும் ஒன்றுதான், குளிரும் ஒன்றுதான். "போ, கதை விடாத" என்று மறுபடி முடிந்துகொண்டாள். இடுப்பு சுடவில்லை. அந்தச் சந்தோஷத்தில் மற்ற பெண்களிடமும் சொல்லிவைத்தாள். வெந்த இடுப்போடு அலைய யாருக்கு ஆசை? சாயங்காலத்துக்குள் ஊர்க் காசெல்லாம் பாத்தியில் குளித்தாயிற்று.

மறுநாள் சந்தையில் கழுதை விற்கும் மாடக்கண்ணு அவள் காசை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன தாயி, தவளை மாதிரி சில்லுன்னு இருக்கு! கோடை பூராவும் தூங்குனியோ?"

அத்தனை பாடும் வீணா? "பொய்யில்ல அண்ணாச்சி, எங் காலைப் பாருங்க" என்று வெயிலாச்சி வெடித்த பாதத்தைக் காட்டினாள். காட்டும்போதே அழுதுவிட்டாள்.

கட்டியிருந்த கழுதை குறுக்கே பேசியது. "வே, மூட்டை சுமந்து என் முதுகு மரத்துப்போச்சு. முதுகுல ஈ உக்காந்தா தெரியாது, கண்ணிமையில உக்காந்தா தெரியும். கைக்குத் தெரியாததைக் கண்ணுல வச்சுப் பாரும்."

மாடக்கண்ணு அலுத்துக்கொண்டே காசைக் கண்ணில் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. இமைக்குள் வெயில் இறங்கியது. வெள்ளை வெளேரென்று பாத்தி. இழுத்தால் வராத, உப்பு வாரும் பலகை. கஞ்சி குடிக்க நிழல் தேடி நிழலே கிடைக்காமல் நின்றபடி குடிக்கும் ஒருத்தி.

"ஒரு கோடையையே கொண்டாந்து கொடுத்திருக்க. உன்னையப் போயி தூங்குனியான்னு கேட்டுட்டனே!" என்று கழுதையின் கயிற்றை அவள் கையில் கொடுத்தார்.

"உப்பை மட்டும் பாத்து ஏத்து தாயி" என்றது கழுதை. வெயிலாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

ஒளிந்த சூடு வெளியே வரவே இல்லை. கூலிக் காசும் களவுக் காசும் கைக்கு ஒன்றுபோலச் சில்லென்று இருப்பது அதனால்தான். ஆனால் மாடக்கண்ணு செய்ததைச் சந்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்று முதல்தான், கடை திறந்ததும் போணியாக வரும் காசை வியாபாரிகள் இரண்டு கண்ணிலும் ஒற்றி, யாரோ பட்ட பாட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பெட்டியில் போடுகிறார்கள்.