பிரிக்காத பொட்டலம்

"டேய், என்னை வெளியே விடுங்கடா!" என்று பொட்டலம் கத்தியது.

அதைத் தலையில் சுமந்து வந்த குரங்கு பயந்துபோய்த் தொப்பென்று கீழே போட்டது. முன்னால் நடந்த நரி திரும்பியது.

"என்னடா சத்தம்?"

"நரியண்ணே, உங்க பரிசு பேசுது!"

இரண்டும் யானை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அங்கே குட்டிப் பெண் வஞ்சிக்குப் பிறந்தநாள். அவளிடம் இல்லாதது எதுவும் இல்லை. கரும்புத் தோட்டம் இருக்கிறது. புரளத் தனிக் குட்டை இருக்கிறது. விசிறி விட மயில்கள் கூட இருக்கின்றன. இன்னும் என்னத்தைக் கொடுப்பது? ஆனால் கோடையில் வற்றாத ஒரே குளம் யானை வீட்டுக் குளம்; காடே அங்கேதான் தண்ணீர் குடிக்க வேண்டும். வெறுங்கையோடு போக யாருக்குத் தைரியம் வரும்?

நரி மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. புதுக் குகைக்குக் குடிபோனபோது கொக்கு கொடுத்த பொட்டலம் மூலையில் கிடந்தது. பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அதையே பரிசாக எடுத்துக்கொண்டது.

"உள்ளே யாரு?" என்று குரங்கு கேட்டது.

"ஆமைடா! மண்ணுக்குள்ளே தூங்கிட்டிருந்தேன். பளபளப்பான கல்லுன்னு நினைச்சு நீர்நாய் என்னைக் கட்டி, கொக்கு கல்யாணத்துக்குக் கொடுத்தான். கொக்கு உங்ககிட்ட தள்ளிவிட்டான். கல்யாணத்திலேயே கத்தினேன். மேளச் சத்தத்தில் யார் காதிலும் விழலை! களைச்சுப்போய் மறுபடி தூங்கிட்டேன். தாகத்தில் செத்துடுவேன், அவிழ்த்து விடுங்கடா!"

குரங்கு முடிச்சில் கை வைத்தது. நரி பாய்ந்து தடுத்தது.

"தொடாதே! வேற பரிசுக்கு நான் எங்கே போறது?"

"அண்ணே, உள்ளே உசிரு இருக்கு!"

"இருக்கட்டும். கனமா, பார்க்க மரியாதையா இருக்கில்ல?" என்ற நரி, பொட்டலத்திடம் குனிந்தது. "ஆமையாரே, பொறுத்துக்கோங்க. அந்த வீட்டிலும் யாரும் பிரிக்க மாட்டாங்க. அடுத்த விசேஷத்துக்கு வேற யாராவது தூக்கிட்டுப் போவாங்க. ஊர் சுத்திப் பார்த்த மாதிரி இருக்கும்!"

யானை வீட்டுப் பந்தலில் பொட்டலங்கள் மலையாகக் குவிந்திருந்தன. வஞ்சி கொட்டாவி விட்டாள்.

"அங்கே வச்சுட்டு, சாப்பிட்டுப் போங்க" என்றது தாய் யானை, நரியின் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

நரி குரங்கின் காதில் முணுமுணுத்தது. "குவியலுக்கு அடியில் தள்ளுடா. சத்தம் வந்தா மேலே ஏறி உட்கார்ந்துக்கோ."

குரங்கு பொட்டலத்தோடு நடுப்பந்தலில் போய் உட்கார்ந்தது. முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தது. ஆமை தலையை நீட்டியது.

"ஐ! இது எனக்கா?" என்றாள் வஞ்சி.

"நான் யாருக்கும் இல்லை! முதல்ல தண்ணி கொண்டா!"

வஞ்சியை இதுவரை யாரும் வேலை ஏவியதில்லை. அவள் திகைத்தாள். பிறகு ஓடிப்போய்த் தும்பிக்கை நிறைய மொண்டு வந்து ஊற்றினாள். ஆமை குடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் மூச்சு வாங்கியபடி சொன்னது:

"மத்ததையும் பிரி, பாப்பா. உள்ளே இன்னும் யார் யார் கிடக்காங்களோ!"

பந்தியில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். கொக்கு தன் பொட்டலத்தைத் தேடி எடுத்துக்கொண்டு நழுவியது. நீர்நாய் சாப்பாட்டு இலையோடு ஓடியது.

"சீக்கிரம் மறுபடி கட்டுடா!" என்று நரி பல்லைக் கடித்தது. "பேசுற பொம்மைன்னு சொல்லிக்கலாம்!"

குரங்கு கட்டவில்லை.

வீட்டை விட்டு ஒழிந்தால் போதும் என்று கொடுக்கிற எதற்கும் பரிசு என்று பெயர் வைக்கக் கூடாது.