மங்காயி மீட்ட இலுப்பைத் தோப்பு

எங்கள் மலையை ஆண்ட மிட்டாதார் வேங்கடபதிக்குத் தன் பெருமைதான் பெரிசு. ஒரு பங்குனியில் ஊரைக் கூட்டினார்.

"இலுப்பைப் பூ தின்ன வர்ற கரடிங்க பெருகிப்போச்சு. எல்லாத்தையும் சுட்டுத்தள்ளிட்டுத் தோப்புக்கு வேலி போடப்போறேன். இனி எவளும் பூப்பொறுக்க வரக்கூடாது!"

கோடையில் அந்தப் பூதான் ஊருக்கே சோறு. மிட்டாதாரின் மாட்டுக்கொட்டகை கூட்டும் மங்காயி முன்னால் வந்தாள்.

"கரடியால எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்க சாமி."

"அப்படியா? நாளைக் காலையில வந்து பார்க்கறேன். ஒரு கரடி கண்ணுல பட்டாலும் தோப்பு எனக்கு. படலைன்னா உங்களுக்கே!"

"சரிங்க சாமி. ஆனா சாமி வேட்டைக்கு வர்றது ஊருக்குத் தெரிய வேண்டாமா? கொம்பு, தப்பட்டையோட வாங்க."

மிட்டாதாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

விடிந்ததும் கொம்பு ஊத, தப்பட்டை அதிர, துப்பாக்கியோடு தோப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். கரடி கிளறிய புற்றுமண் ஈரமாய்க் கிடந்தது. கரடியைத்தான் காணோம்.

"என்னடி மந்திரம் போட்டே?"

"மந்திரமா? சத்தம் கேட்டா கரடி தானே ஒதுங்கிக்குமுங்க. நாங்க தினமும் பாட்டுப் பாடிக்கிட்டுத்தான் தோப்புக்குள்ள நுழைவோம். இன்னைக்கு எங்க தொண்டைக்கு வேலையில்லாமப் பண்ணிட்டீங்க சாமி! பெருகிப்போச்சுன்னீங்களே, சுடறதுக்கு ஒண்ணாவது காட்டுங்க பார்ப்போம்!"

தப்பட்டை அடித்தவர்களே சிரித்துவிட்டார்கள். ஊரறியச் சொன்ன வாக்கை மிட்டாதாரால் விழுங்க முடியவில்லை. மலையிறங்கிப் போனார்.

மங்காயி கூடை நிறையப் பூப்பொறுக்கினாள். ஓடையோரத்து மரத்தடியில் கிடந்ததை மட்டும் தொடவில்லை. அது கரடியின் பங்கு. இன்றைக்கும் எங்கள் ஊரில் வாண்டுகள்கூட அந்த மரத்தடிப் பூவில் கை வைக்காது.