ஒரே முகம், மூன்று பதக்கம்

கடலோரத்து ஊர் ஒன்றில் பழைய மியூசியம். அதன் மாடி அறையில் எந்நேரமும் மத்தியானத் தூக்கம் போலொரு அமைதி. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னே இத்தாலி தேசத்தார் வார்த்த வெண்கலச் சாமான்கள் அங்கே இருந்தன. கைக்குள் அடங்கும் சிலைகள், சித்திரம் புடைத்த சின்னத் தகடுகள், முகம் பதித்த பதக்கங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அத்தனை முகமும் தண்ணீருக்கடியில் கிடக்கிற மாதிரி தெரியும்.

அவற்றைப் பராமரித்தவர் செசிலியம்மா. அவரிடம் தொழில் படித்தவர் சவரிராயன். அவருக்கே ஐம்பது தாண்டிவிட்டது. நாளை முதல் அம்மாவுக்கு ஓய்வு. அறை சவரிராயன் பொறுப்பு. 

"பன்னிரண்டு வருஷமா நீங்க சொன்னதெல்லாம் மனப்பாடம், அம்மா. வர்றவங்களுக்கு அப்படியே சொல்லிடுவேன். போதும்தானே?"

"இருமலையும் சேர்த்துத்தான் படிச்சிருக்கே. நேத்து நீ இருமினதும், நான்தான் இருமினேனோன்னு நினைச்சேன்."

சவரிராயன் சிரிக்கவில்லை. "நீங்க இல்லாத குறை தெரிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு."

அம்மா மூன்று பதக்கங்களை எடுத்துத் துணிமேல் வைத்தார். மூன்றிலும் ஒரே பெண், பக்கவாட்டு முகம்.

"எது முதல்லே வார்த்தது?" என்று கேட்டார்.

"பெரிசு. அதிலே அச்செடுத்தது நடுவிலே இருக்கிறது. அதிலே அச்செடுத்தது சிறிசு. ஒவ்வொரு தடவையும் வெண்கலம் ஆறும்போது ஒரு மயிரிழை சுருங்கும்."

"பெரிசை எதிலே அச்செடுத்தான்?"

"எதிலேயும் இல்லை. அந்தப் பொம்பளை எதிரே உட்கார்ந்திருப்பா."

"மூச்சு விட்டுக்கிட்டு," என்றார் அம்மா. "நீயும் பாரு."

சவரிராயன் பெரியதைக் கையில் எடுத்தார். "நீண்ட கழுத்து, அடக்கமான பார்வை, மடிப்பு மடிப்பா..."

"அது நான் சொன்னது. நீ பாரு."

அவர் பேச்சை நிறுத்தினார். ஜன்னல் வெயில் வெண்கலத்தின் மேல் மெல்ல ஊர்ந்தது. கடல் சத்தம் வருவதும் போவதுமாய் இருந்தது. உள்ளங்கைச் சூட்டில் பதக்கமும் சூடேறியது. அவள் இப்போதுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் போல இருந்தது. எவ்வளவு நேரம் போனதோ.

"காது குத்தியிருக்கு," என்றார் சன்னமாக. "தோடு இல்லை. எங்கேயோ கழற்றி வச்சுட்டு வந்து உட்கார்ந்திருக்கா."

சிறியதை எடுத்துப் பார்த்தார். அதில் காது துளையில்லாமல் மொழுக்கென்று இருந்தது.

செசிலியம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெரிய பதக்கத்தின் மேல் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"முப்பது வருஷம் இவளோட இருந்திருக்கேன், சவரி," என்றார். "நான் இதைப் பார்க்கலையே."