மந்தியும் குளத்துப் பச்சையும்

நீலப்பச்சைப் பாசியைப் பாசி என்றே நம்பி வாழ்பவர்கள் உண்டு. உலகில் இதைவிடக் கொடிய பிழை இல்லை. அது பாசியே அல்ல. பாசிகளுக்கெல்லாம் மூத்த நுண்ணுயிர். வெயிலைத் தின்று மூச்சுக்காற்றை வெளியே விடுவது. இது தெரியாமல் ஓர் இளவரசி பட்ட பாட்டைக் கேளுங்கள்.

முன்னொரு காலத்தில், மலைகள்கூடக் கொஞ்சம் இளமையாக இருந்தபோது, தேன்மலை நாட்டில் ஆதன், நன்னன் என்று இரட்டை இளவரசர்கள். "நான் பெரியவன்!" "இல்லை, நான் பெரியவன்!" காலையில் சண்டை, மதியம் சண்டை, மாலையிலும் சண்டை. ஒருநாள் அவ்வழியே வந்த மந்திரவாதி காளங்கனைத் தீர்ப்புச் சொல்லும்படி பிடித்துக்கொண்டார்கள்.

"ஒருவன் ஊரார் கண்ணில் படுவான். மற்றவன் கண்ணில் படாமல் மூச்சுக் கொடுப்பான். யார் பெரியவன் என்று ஊரே சொல்லட்டும்" என்று காளங்கன் கைதட்டினான். இருவரும் மறைந்தார்கள்.

தங்கை வெண்ணி அவன் காலில் விழுந்தாள்.

"அரண்மனைப் பக்கம்தான் இருப்பார்கள், பெண்ணே. அடையாளம் கண்டு, வெறுங்கையால் தொட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடு. வருவார்கள்."

குளக்கரை மாமரத்துக்கு ஒரு சோலைமந்தி வந்தது. கரிய மேனி, வெள்ளிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். ஊரே வேடிக்கை பார்த்தது. அதே வாரம் குளமும் பச்சையானது. அதை யார் பார்த்தார்கள்? மந்தி பழத்தைத் தின்றது, கொட்டையை எறிந்தது, பல்லைக் காட்டியது. பச்சையோ வெயிலைத் தின்றது, மீன்களுக்கு மூச்சுக் கொடுத்தது, ஒன்றையும் காட்டவில்லை.

மாங்கொட்டை ஒருமுறை வெண்ணியின் தலையில் விழுந்தது. மறுமுறையும் விழுந்தது. மூன்றாம் முறை விழுந்ததும் அவள் துள்ளினாள். "இப்படிக் குறி பார்த்து எறிய ஆதன் அண்ணனை விட்டால் யாருக்கு வரும்!"

நன்னனைப் பிறகு தேடிக்கொள்ளலாம். ஆதனை மீட்டதும் மங்கல நீராட்டு வேண்டாமா? "குளத்தில் துளிப் பச்சைகூட இருக்கக் கூடாது" என்று ஆட்களை ஏவினாள். அவர்கள் கூடை கூடையாக அள்ளிப் பாறைமேல் கொட்டினார்கள். மந்தி கூடையைப் பிடுங்கியது, ஆளைக் கடித்தது, வெண்ணியின் முன் விழுந்து கத்தியது.

"அண்ணனின் அவசரத்தைப் பாருங்கள்!" என்று அவள் சிரித்தாள். "பொறு அண்ணா, குளம் பளிச்சென்று ஆகட்டும்."

பளிச்சென்று ஆயிற்று. தொட்டாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மந்தி நின்ற இடத்தில் ஆதன் நின்றான்.

"நன்னனை எங்கே கொட்டினீர்கள்?"

"யாரை?"

"எதற்காகக் கூடையைப் பிடுங்கி, ஆளைக் கடித்துக் கத்தினேன், வெண்ணி? அவன்தான் பெரியவன். அதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் இல்லாமல் போயிற்று."

வெண்ணி பாறைக்கு ஓடினாள். பச்சை காய்ந்து பொருக்காகியிருந்தது. வெறுங்கையால் அள்ளினாள். "நன்னன் அண்ணா!" என்றாள். "நன்னன் அண்ணா!" என்றாள். மூன்றாம் முறை ஆதனும் சேர்ந்து கூப்பிட்டான். காற்று வந்து பொருக்கில் கொஞ்சத்தைக் கொண்டுபோயிற்று.

கீழே, தெளிந்த குளத்தில், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.