ராஜா குனிந்த வாசல்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார். தான்தான் ஆள்கிறோம் என்று அவரும் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு கோடையில் ஊர்க் கிணறுகள் வற்றிப்போயின. அரண்மனைத் தாமரைக்குளத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம் என்று ராஜா முரசறைந்து சொன்னார். ஒருவரும் குடத்தோடு வரவில்லை. காவலர்கள் விசாரித்துவிட்டு வந்து, "அங்கே தண்ணீர் எடுப்பது வழக்கமில்லையாம், பிரபு" என்றார்கள்.

ராஜாவின் மீசை துடித்தது. "என் ஆணையைத் தடுக்கும் அந்த வழக்கம் யார்?"

சபாபண்டிதர் பிறைசூடியார் எழுந்தார். "பலரும் காரணம் கேட்காமல் செய்வது வழக்கம், பிரபு. அதற்கு வயதானால் மரபு. செய்யக்கூடாது என்று ஊர் ஒதுக்கிவைத்தது விலக்கு. இன்னார் இன்ன இடத்தில்தான் நிற்க வேண்டும் என்பது அந்தஸ்து. இவை எல்லாம் கூடியது..."

"சொற்கள் போதும். எனக்கு ஆள் வேண்டும். பிடித்து வந்து நிறுத்துங்கள்."

பண்டிதரின் கண் வெண்காடன் பக்கம் திரும்பியது. சபையைச் சிரிக்கவைப்பதுதான் வெண்காடன் வேலை. பண்டிதர் பேசும்போது கொட்டாவி விடும் ராஜா, வெண்காடன் வாயைத் திறந்தால் நிமிர்ந்து உட்காருவார். பண்டிதருக்கு அது பொறுக்கவில்லை.

"ஊரையே கேலி செய்கிற வெண்காடருக்கு அவனைத் தெரியாமலா இருக்கும்? நாளைக்குள் பிடித்து வரட்டும், பிரபு. முடியாவிட்டால் இந்தச் சபையை மறந்துவிடட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

வெண்காடன் வீட்டில் கல்யாண வேலை நடந்துகொண்டிருந்தது. மணப்பெண் தேனம்மை அவனுடைய தங்கை மகள். தங்கை பொன்னுருவி கணவனை இழந்தவள்.

"அண்ணே, தாலி கட்டுறப்ப நான் எங்க நிக்கட்டும்?"

"எப்பவும் நிக்கிற இடந்தான். அடுக்களைக் கதவுக்குப் பின்னாடி."

"பெத்தவ நானு, அண்ணே. ஒரு ஓரமா நின்னு பாத்துக்கிறேனே."

"நானா வேண்டாங்கிறேன்? வழக்கம் அப்படி இருக்கு, தாயி."

அவள் கூறைப்புடவைத் தட்டை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு நடந்தாள். கூடம் முடியும் இடத்தில் நின்றுவிட்டாள். அங்கே கதவு இல்லை, தாழ்ப்பாள் இல்லை, மறிக்க ஆளும் இல்லை. தட்டை மட்டும் நீட்டி, "நீயே அங்க வச்சிரு, அண்ணே" என்றாள்.

வெண்காடன் துள்ளி எழுந்தான். "கிடைச்சிட்டான்!"

"யாரு அண்ணே?"

அதற்குள் அவன் தெருவில் இறங்கியிருந்தான். தட்டு அவள் கையிலேயே இருந்தது.

மறுநாள் காலை அவன் சபையின் உள்வாசலில் காத்திருந்தான். ராஜா வந்தார், தலையைக் குனிந்து வாசலைக் கடந்தார். பின்னால் வந்த பண்டிதர் இன்னும் ஆழமாகக் குனிந்ததில் தலைப்பாகை நழுவியது.

"பிரபு, இப்போது யாருக்குத் தலை வணங்கினீர்கள்?"

"வணங்குவதா? மேலே உத்தரம் இடிக்குமே என்று குனிந்தேன்."

"அண்ணாந்து பாருங்கள், பிரபு."

ராஜா பார்த்தார். உத்தரம் இல்லை. அவருடைய பாட்டனார் காலத்திலேயே தாழ்ந்த உத்தரத்தை எடுத்துவிட்டு, யானை நுழையும் உயரத்துக்கு வளைவு கட்டியிருந்தார்கள். பாட்டனார் குனிந்தே பழகியிருந்தார். அவரைப் பார்த்து அப்பா குனிந்தார். அப்பாவைப் பார்த்து மகன்.

"இந்த நாட்டில் தாங்கள் தலை வணங்கும் ஒரே ஆள் இவன்தான். பிடித்துக் கொடுத்துவிட்டேன். கைது செய்வது தங்கள் பாடு."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இவனை எப்படியடா ஒழிப்பது?"

"முதல் குடத்தைத் தாங்களே மொண்டு ஒருத்தி இடுப்பில் வையுங்கள், பிரபு. யாராவது ஒருவர் முதலில் கைகொடுத்தால் போதும், அவன் நிற்கமாட்டான்."

ராஜா அப்படியே செய்தார். சாயங்காலத்துக்குள் குளக்கரையில் குடம் வைக்க இடமில்லை.

"என்ன வேண்டுமோ கேள், வெண்காடா" என்றார் ராஜா.

தங்கையின் பெயர் அவன் நாக்கு நுனிவரை வந்தது. பண்டிதர் தலைப்பாகையைச் சரிசெய்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். முறை தெரியாத குடும்பம் என்று சொல்லிவிடுவாரோ?

"தேனம்மை கல்யாணத்துக்குத் தாங்கள் எழுந்தருள வேண்டும், பிரபு. அது போதும்."

கல்யாணத்துக்கு ராஜா வந்தார், பண்டிதரும் வந்தார். நாகசுரம் கெட்டிமேளத்துக்குத் தயாரானபோது ராஜா சுற்றிப் பார்த்தார். "பெண்ணைப் பெற்றவள் எங்கே? காணோமே?"

அடுக்களைக் கதவின் இடுக்கில் பொன்னுருவியின் விரல்கள் தெரிந்தன. எழுந்தால் வெண்காடனுக்கு எட்டுகிற தூரந்தான். எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்து அழைத்து வந்திருக்கலாம். ராஜாவே இருக்கும் பந்தலில் யார் என்ன சொல்லியிருப்பார்கள்?

பந்தலே அவன் வாயைப் பார்த்தது. பழகிய வாய், பழகியதைச் செய்தது.

"கைது செய்யச் சொன்னேனே ஒருவனை, பிரபு! அவன் அரண்மனையிலிருந்து தப்பி என் வீட்டு அடுக்களை வாசலில் வந்து காவல் நிற்கிறான்!"

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பண்டிதரும் சிரித்தார், பந்தலும் சிரித்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகக் கெட்டிமேளம் முழங்கி, தாலி ஏறிவிட்டது. கதவிடுக்கில் இருந்த விரல்களைக் காணவில்லை.

"உன்னைப்போல் ஒருவன் எந்த நாட்டில் உண்டு!" என்று சொல்லி, ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

வெண்காடன் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டான்.